வானொலிப் பெட்டி யாருக்கு?

இந்தியாவில் ஒலிபரப்பு ஒரு தடவை அடியோடு தோற்றுப்போயிருக்கிறது என்பதை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. 1927-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி பம்பாயிலும், அதற்கு அடுத்த மாதம் கல்கத்தாவிலும் பெரும் ஆரவாரத்தோடு நிலையங்களைத் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, மூன்று ஆண்டு முடிவதற்குள், 1930 மார்ச்சு மாதத்தில், போட்ட முதலையெல்லாம் இழந்து கலைக்கப்பட்டது. பாடுவதற்கு வித்துவான்களும் பேசுவதற்கு அறிஞர்களும் கிடைத்தார்கள். யந்திரங்களும் அக்காலத்து நிலைக்குக் குறைவில்லாதவை. ஆயினும், கேட்பதற்குரிய கருவி ஜனங்களின் கையில் இல்லாமற் போனமையால், இருந்த வசதிகள் யாவும் வீணாயின. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதும், அதில் பெரும்பங்கு கம்பெனியைச் சேரும் என்பதும் ஏற்பாடு. பர்மாவும் சேர்ந்திருந்த அந்தப் பரந்த தேசம் முழுவதிலும் உரிமம் பெற்றோர் தொகை எட்டாயிரத்தையும் எட்டவில்லை. ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய பெட்டியை, மாலையில் இரண்டொரு மணி நேரம் பாட்டுக் கேட்பதற்காக எவர்தாம் வாங்குவார்?

டிஜிட்டல் ஒலிபரப்பினால் நேயர்களுக்குப் பிரயோஜனம் உண்டா என்னும் கேள்வி இப்போது பல தேசங்களிலும் எழுந்திருக்கிறது. பொறியியல் அறிஞர்கள் அதனை ஒலித் தெளிவைக் கொண்டும் அலைவரிசைச் சிக்கனத்தைக் கொண்டும் ஆராய்கிறார்கள்; நிர்வாகிகள் மின்சாரச் செலவைக் கொண்டு ஆராய்கிறார்கள். அவை இரண்டும் வேண்டியவையே. ஆனால் தமிழ்நாட்டில் வானொலி நூறாண்டுகளாக வளர்ந்து வந்த சரித்திரத்தைச் சற்றே பொறுமையாகப் புரட்டிப் பார்ப்போமாயின், இங்கே கேட்போர் கூட்டம் பெருகிய ஒவ்வொரு கட்டத்திலும், அதற்குக் காரணமாக நின்றது நிலையத்தில் நிகழ்ந்த மாறுதல் அன்று, பெட்டி ஏழையின் கைக்கு எட்டும்படி நேர்ந்த ஏதேனும் ஓர் ஏற்பாடே என்பது தெளிவாகப் புலப்படும். அந்த அளவுகோலைக் கொண்டே டிஜிட்டல் வானொலியையும் அளக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் ஒலிபரப்பு, பம்பாய்க் கம்பெனிக்கும் முற்பட்டது. சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் என்பவர் முன்னின்று 1924 மே மாதத்தில் தோற்றுவித்த சென்னை மாகாண வானொலிச் சங்கம், அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி முதல், நாற்பது வாட் சக்தியே உள்ள ஒரு சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. பழைய குண்டு விளக்கு ஒன்றின் மின்சாரத்தைக் கொண்டு ஒரு பட்டணத்துக்கே சங்கீதம் வழங்க முற்பட்ட அந்த உற்சாகத்தை எண்ணும்போது வியப்பு உண்டாகிறது. பின்னர் இருநூறு வாட் கருவியும் வந்தது. உறுப்பினரின் சந்தாவை நம்பி நடந்த சங்கமாதலின், மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதனால் தாக்குப் பிடிக்க முடியவில்லை. 1927 அக்டோபரில் பணமுடையால் அது ஓய்ந்தது. ஓய்ந்த சங்கம் தன் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது.

இவ்விடத்தில்தான் நம் சரித்திரத்தில் மிகவும் போற்றத்தக்க ஒரு காரியம் நடைபெற்றது. குப்பை வாருவதும் தெருவிளக்குப் போடுவதும் குழாய்நீர் விடுவதும் தன் கடமை என்று கொண்டிருந்த ஒரு நகரசபை, வானொலியையும் அவற்றோடு ஒத்த ஒரு பொதுச் சேவையாகக் கருதி, 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தானே ஒலிபரப்பை ஏற்று நடத்தலாயிற்று. பம்பாய்க் கம்பெனி கலைந்துபோன மறுமாதம் அது என்பதைக் கவனிக்கவேண்டும். கம்பெனி எதிர்கொண்ட இடர்ப்பாடு மாநகராட்சிக்கும் இருந்தது. சென்னையிலும் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆயின், வீட்டுக்கு வீடு பெட்டி வரும்வரை காத்திராமல், மெரீனா கடற்கரையிலும் ராபின்சன் பூங்காவிலும் பீப்பிள்ஸ் பார்க்கிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி, காற்று வாங்க வந்தவரும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவரும் காலணாச் செலவின்றி நின்று கேட்கும்படி மாநகராட்சி செய்துவிட்டது. மாலை வேளைகளில் சங்கீதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமபோன் இசைத்தட்டுகள் சுழன்றன. மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும் சொல்லப்பட்டன. சபாக்களின் வாயிலை மிதித்தறியாத எத்தனையோ பேர், தேர்ந்த வித்துவான்களின் பாட்டை முதன்முதலாகக் கேட்டது அந்தக் கடற்கரை மணலில் உட்கார்ந்துதான். பெட்டியைத் தனியுடைமையாகக் கொள்ளாமல் பொதுவுடைமையாக்கிய இந்த எண்ணம், ஒலிபரப்பின் வரலாற்றை எழுதுவோர் பலராலும் ஓரிரு வரியில் கடந்து செல்லப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், 1938 ஜூன் 16-ஆம் தேதி, அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் ஒலிபரப்பு அதனோடு முடிவுற்றது. மறு ஆண்டு மே 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி நிலையம் வந்தது. அந்நாளில் அகில இந்திய வானொலியின் தலைவராக இருந்த லயனல் பீல்டன் என்பாரின் திட்டப்படி, தொலைதூரம் எட்டுவதற்காகச் சென்னைக்குப் பத்துக் கிலோவாட் சக்தியுள்ள சிற்றலைக் கருவியும், நகரத்தின் தேவைக்கு மட்டும் போதுமான கால் கிலோவாட் மத்திய அலைக் கருவியும் அமைந்தன. திருச்சிக்கு ஐந்து கிலோவாட் மத்திய அலைக் கருவி கிடைத்தது. நாடு விடுதலை பெற்ற சமயத்தில், இந்திய வானொலியின் ஆறு நிலையங்களில் இரண்டு தமிழகத்தில் இருந்தன. எனினும் நிலப்பரப்பில் நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்கும், ஜனத்தொகையில் நூற்றுக்குப் பதினோரு பங்குக்கும்தான் அந்த ஆறு நிலையங்களின் குரல் எட்டியது.

எட்டிய இடங்களிலும் கேட்டவர் யார் என்று பார்த்தால், இரண்டு மூங்கில்களுக்கு இடையே ஏரியல் கம்பி கட்ட இடமிருந்த மாடிவீட்டுக்காரர்களும், மின்சார இணைப்புப் பெற்ற பட்டணத்து உத்தியோகஸ்தர்களுமே. வால்வுகள் பழுத்துச் சூடேறிய பின்னரே பேசத் தொடங்கும் அந்தப் பெரிய மரப்பெட்டிகள் கூடத்தின் அலங்காரமாக, துணி போர்த்தப்பட்டு, குடும்பத் தலைவரின் கைமட்டும் படும்படி வைக்கப்பட்டிருந்தன. ஊருக்கு ஒரு பெட்டி என்ற நிலையில் வைத்த பஞ்சாயத்து ரேடியோதான் இதனை மாற்றியது. ஊர்ப் பொதுவிடத்தில் சிறு அறை ஒன்று. அதனுள்ளே பூட்டி வைத்த பெட்டி. வெளியே கம்பத்திலோ மரக்கிளையிலோ ஒலிபெருக்கிக் குழல். மாலையானதும் திறந்து விடுவதற்கு ஒரு பணியாள். சென்னை மாநகராட்சி கடற்கரையில் செய்ததையே, தன் வசதிக்கேற்பக் கிராமமும் செய்துகொண்டது. செய்தி வாசிக்கும் நேரத்தில் அங்கே வந்து உட்காரும் பெரியவர்களும், நாடகம் ஒலிபரப்பாகும் இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு வரும் பெண்களும் ஊருக்கு ஊர் இருந்தனர்.

இந்தக் கூட்டுக் கேள்வியால் விளைந்த பயன் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்குத் தஞ்சை ஜில்லாவே சாட்சி. 1966-ஆம் ஆண்டளவில், ஜப்பானிய நெல்லினத்தையும் நம் நாட்டு இனத்தையும் கலந்து பெறப்பட்ட ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய வயதுடைய குறுவை நெல்லைக் காவிரிப் பாசன மிராசுதாரரிடமும் குத்தகைக்காரரிடமும் பரப்பவேண்டிய பொறுப்பு விவசாய இலாகாவுக்கு ஏற்பட்டபோது, திருச்சி வானொலி நிலையம் அந்த வேலையில் முழுமூச்சுடன் இறங்கியது. நாற்றங்கால் எப்படி விடுவது, எத்தனை நாளில் பறிப்பது, உரத்தை எந்தப் பருவத்தில் இடுவது, பூச்சி கண்டால் எதைத் தெளிப்பது என்பனவற்றைப் பேச்சுநடையில், கேட்பவர் தம் பக்கத்து வயலில் நின்று பேசுவது போல உணரும்படி, நாள்தோறும் எடுத்துச் சொன்னார்கள். விவசாயிகள் அந்த நெல்லுக்கு இலாகா கொடுத்த பெயரைப் புறக்கணித்து, அதனை ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கலாயினர். உலகத்தில் ஒரு தானியம் ஒலிபரப்பின் பெயரைத் தாங்கியது வேறெங்கேனும் உண்டோ, நான் அறியேன். அந்தச் சாதனைக்குக் காரணமான குரல்களை ஏந்தி வந்த அலை, கரகரப்பு மிகுந்த சாதாரண மத்திய அலையே. இடி இடித்தாலும் பம்புசெட்டு ஓடினாலும் அதில் இரைச்சல் கலக்கும். ஆயினும் சொல்லவேண்டியது விளங்கிற்று, கேட்கவேண்டியவர் கேட்டனர்.

இதற்கிடையில் டிரான்சிஸ்டரும் வந்தது. மின்சாரம் வேண்டாம், ஏரியல் வேண்டாம், இரண்டு மூன்று பேட்டரிக் கட்டைகளைப் போட்டால் பல வாரங்கள் பாடும். தோளில் மாட்டிக்கொண்டு ஏர் ஓட்டலாம், கட்டுமரத்தில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போகலாம். கூடத்தில் குடும்பத் தலைவரின் ஆளுகையில் இருந்த வானொலி, சமையலறைக்கும் தையற்கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் குடிபெயர்ந்தது. டிரான்சிஸ்டருக்கு முன்பிருந்தே தமிழ் நேயர்களைப் பெரிதும் ஈர்த்தது கடலுக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை வானொலி. 1952-இல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கு இந்திய வானொலியில் இடமில்லாதபடி செய்ததும், நேயர்கள் ஒருவரிடமும் முறையிடாமல் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பிவிட்டனர். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனம் அவர்களின் துள்ளு தமிழை விடிகாலையில் கேட்பதற்காகவே பெட்டி வாங்கிய வீடுகள் உண்டு. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி, சினிமாப் பாட்டுக்கு இந்திய வானொலியில் மீண்டும் இடந்தந்த விவிதபாரதி தோன்றியதற்கு நேயர்களின் இந்த மௌனமான தீர்ப்பே காரணம். பெட்டியின் முள் தன் கையில் இருக்கும்வரை நேயன் ஒருவனுக்கும் அடிமையல்லன் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது.

பண்பலை ஒலிபரப்பு இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில், 1977 ஜூலை 23-ஆம் தேதி தொடங்கிற்று. சங்கீதத்துக்கு அது ஒப்பற்ற சாதனம். வீணையின் மீட்டு மெல்லத் தேய்ந்து மறைவதைக் கூட அதில் கேட்கலாம். எனினும் அதற்குரிய பெட்டிகள் மலிந்து பரவுவதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையில் தொலைக்காட்சி வந்து வீட்டுக் கூடத்தைப் பிடித்துக்கொண்டது. மேலும், பண்பலை நேர்கோட்டில் செல்லும் இயல்புடையதாதலின், ஐம்பது அறுபது மைலுக்கு அப்பால் அது பயன்படுவது அரிது.

இனி டிஜிட்டல் முறைக்கு வருவோம். பழைய முறையில் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையின் ஏற்ற இறக்கமாகிச் செல்கிறது. வழியில் சேரும் மின்னலும் இயந்திர இரைச்சலும் குரலோடு குரலாகப் பெட்டிக்குள் நுழைந்துவிடுகின்றன. டிஜிட்டல் முறையிலோ, குரல் முதலில் எண்களாக மாற்றப்பட்டு, தேவையற்ற பகுதிகள் நீக்கிச் சுருக்கப்பட்டு, நெருங்கி நிற்கும் பல சிறு அலைகளின் மீது பகிர்ந்து அனுப்பப்படுகிறது. வழியில் சில எண்கள் சிதைந்தாலும், அவற்றைத் திருத்திக் கொள்வதற்குரிய உபரிக் கணக்கும் உடன் செல்வதால், பெட்டி மூலக் குரலை மீட்டுக்கொள்கிறது. இதனால் மத்திய அலையின் நீண்ட எட்டத்தையும் பண்பலையின் தெளிவையும் ஒருங்கே பெறலாம். ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அனுப்பலாம். செய்திகளை எழுத்தாகவும் திரையில் காட்டலாம். புயல், வெள்ளம் முதலிய ஆபத்துக் காலத்தில், வேறு நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டியைத் தானே எச்சரிக்கைக்கு மாறும்படி செய்யலாம். மின்சாரச் செலவும் வெகுவாகக் குறைகிறது. இவையெல்லாம் மெய், விளம்பரச் சொல் என்று தள்ளத்தக்கவை அல்ல.

அதேபோல் ஒரு குறையும் மெய்யானது. பழைய அலை தூரம் செல்லச் செல்லப் படிப்படியாக மங்கும். இரைச்சலுக்கு நடுவிலும் பழகிய காது வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். டிஜிட்டல் அலையோ, எண்கள் திருத்தக்கூடிய எல்லைக்குள் இருக்கும்வரை குறையின்றிப் பேசி, அந்த எல்லை கடந்த கணத்தில் முற்றும் ஊமையாகிவிடும். எல்லைப்புறத்தில் வாழும் நேயருக்கு இது சிறிய விஷயம் அன்று. எண்களைப் பிரித்துணரும் சில்லும் பழைய டிரான்சிஸ்டரைவிட அதிக மின்சாரம் கேட்பதால், பேட்டரிக் கட்டைகள் விரைவில் தீர்ந்துபோகின்றன.

பிற தேசங்களின் அநுபவம் இவ்விஷயத்தில் ஒருபடித்தாக இல்லை. மலைகளும் கடற்கழிகளும் நிறைந்த நார்வே, ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனித்தனிப் பண்பலை நிலையம் வைத்துக் கட்டுப்படியாகாமல், 1995 முதல் டிஜிட்டல் வலையை நிதானமாக வளர்த்து, 2017 ஜனவரி 11-ஆம் தேதி வடபகுதியில் தொடங்கி அவ்வாண்டு டிசம்பருக்குள் தேசியப் பண்பலை முழுவதையும் நிறுத்தியது. உலகத்தில் அப்படிச் செய்த முதல் தேசம் அதுவே. அங்கேயும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது புதிய பெட்டி இல்லை. முதியோர் வெகுவாக மனம் குறைப்பட்டனர். எனினும் செல்வமுள்ள சிறு நாடாதலின் சமாளித்துக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் இறுதியில் அதே வழியைப் பின்பற்ற, நேயர்களில் கணிசமானோர் அதனைக் கைவிட்டு எல்லைக்கு அப்பாலுள்ள பண்பலை நிலையங்களையும் தனியார் நிலையங்களையும் நாடிப் போயினர். கனடா டிஜிட்டல் நிலையங்களைத் தொடங்கி, வாங்குவார் இல்லாத பெட்டிகளோடு அந்த முயற்சியையே மூடிவிட்டது. பெட்டி பரவிய பிறகு பழைய அலையை நிறுத்தியவர்களுக்கும், நிறுத்தினால் பெட்டி பரவிவிடும் என்று நம்பியவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம்.

இந்தியா தேர்ந்துகொண்ட முறை டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் ரேடியோ மொண்டியால். 1998-இல் சீனத்துக் குவாங்சோ நகரில் பல நாட்டு ஒலிபரப்பாளர் கூடி வகுக்கத் தொடங்கிய இம்முறை, 2003 ஜூன் 16-ஆம் தேதி ஜெனீவாவில் முறைப்படி அரங்கேறியது. மத்திய அலையிலும் சிற்றலையிலும் செல்லக்கூடியதாகையால், தொலைவு மிகுந்த நம் தேசத்துக்கு அது பொருத்தமான தேர்வே. 2009 ஜனவரி 16-ஆம் தேதி டில்லியிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குச் சிற்றலையில் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கிய அகில இந்திய வானொலியாகிய ஆகாசவாணி, அடுத்த சில ஆண்டுகளில், சென்னை, திருச்சி, தூத்துக்குடி உள்ளிட்ட இடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை இம்முறைக்கேற்ப நிறுவியது. பழைய ஒலியும் புதிய ஒலியும் அருகருகே செல்லும்படி அவை அமைந்தன; சில நிலையங்களில் நாளில் ஒரு மணி நேரம் முழு டிஜிட்டலாக நடத்தியதும் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் சாதாரணப் பெட்டியைத் திறந்தவருக்குக் கேட்டது மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டுமே.

அரசாங்கத்தின் பணம் பெருமளவில் செலவாகி நிலையங்கள் தயாராயின. பெட்டி எங்கே? கடைத்தெருவில் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவாகச் சிறு பண்பலைப் பெட்டி கிடைக்கும் நாட்டில், டிஜிட்டல் பெட்டி பல ஆயிரம் ரூபாய் விலையோடு, அதுவும் தேடிச் சென்று தருவிப்போருக்கு மட்டுமே கிடைப்பதாக இருந்தது. கடைக்காரருக்கே அதன் பெயர் தெரியாது. 2017 முதலாகச் சில கார் கம்பெனிகள் தம் வண்டிகளில் டி.ஆர்.எம். வாங்கியைப் பொருத்தி விற்கத் தொடங்கியதால், இன்று பல இலட்சம் கார்களில் அது இருக்கிறது. ஆனால் அது இருப்பதை அறியாமலே ஓட்டுகிறவர் எத்தனையோ பேர். காரில் பயணம் செய்வோர் தெளிவாகக் கேட்பதைக் குறையென்று ஒருவரும் சொல்லமாட்டார். ஆயினும் வானொலியின்றியும் வாழக்கூடிய வசதியுடையோருக்கு முதற்பயனும், வானொலியே துணையாக உள்ளோருக்குக் கடைசிப் பயனும் சேருமாறு ஒரு பொதுச் சேவை அமைந்துவிட்டது என்பது நெஞ்சை உறுத்துகிறது. 1927-இல் நிலையத்தைக் கட்டிவிட்டுப் பெட்டிக்காகக் காத்திருந்த கம்பெனியின் நிலைக்கும் இதற்கும் நான் அதிக வேற்றுமை காணவில்லை.

கைத்தொலைபேசியில் இணையத்தின் வழியாக எந்த நிலையத்தையும் கேட்கலாமே, அலைவரிசையில் டிஜிட்டல் எதற்கு என்று கேட்போர் பலர். சாதாரண நாட்களில் அவர்கள் சொல்வது சரிதான். அமெரிக்காவில் இருக்கும் பேரன் திருச்சி நிலையத்தின் காலைப் பாட்டைக் கேட்பது அதனால்தான் சாத்தியமாயிற்று. ஆயினும் இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும், அதற்கு மாதக் கட்டணம் வேண்டும், கோபுரமும் அதற்கு மின்சாரமும் நிற்கவேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, சென்னையில் மின்சாரம் நின்று, கோபுரங்கள் செயலற்று, கைத்தொலைபேசிகள் பல பகுதிகளில் வெறும் கண்ணாடித் துண்டுகளாகிவிட்டன. வான்வழி ஒலிபரப்பிலோ பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அலைக்குப் பாரம் இல்லை. யார் கேட்டார், எப்போது கேட்டார் என்ற குறிப்பும் எவரிடமும் சேர்வதில்லை. இவ்விரண்டு குணங்களும் டிஜிட்டல் ஒலிபரப்பிலும் மாறாமல் நிற்கின்றன. ஆதலின் இணையம் வந்துவிட்டது என்பதைக் காட்டி அதனை வேண்டாத பொருளாகக் கருதுவதற்கில்லை.

தமிழகத்தில் இதன் தேவை கடற்கரையில்தான் மிகுதி. மத்திய அலை நிலத்தின் மீது செல்லும்போது மண் அதன் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. உப்புநீரோ மின்சாரத்தை எளிதிற் கடத்தும் பொருளாகையால், கடல்மேல் அதே அலை வெகுதூரம் தளராமல் செல்கிறது. இலங்கைத் தமிழரை உத்தேசித்துத் தூத்துக்குடியில் 1053 கிலோ ஹெர்ட்ஸில் இயங்கும் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரின் பலம் இந்த இயற்கையில்தான் தங்கியிருக்கிறது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிக்கப் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் கைத்தொலைபேசிக்கு உயிரில்லை. திரும்பாதவர்களின் வீடுகளில் அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டது நன்மையே. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே நடக்கும் ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்லி வருகிறது; பண்பலையாதலின் அதன் எட்டம் கரையோரம்தான். ஆழ்கடலில் உள்ளவனுக்கு மத்திய அலையே கைகொடுக்கவேண்டும். அதில் டிஜிட்டல் முறையின் ஆபத்து அறிவிப்பு வசதியும் சேருமானால், பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவனையும் இடைமறித்துப் புயலைச் சொல்லலாம்.

ஆகவே டிஜிட்டல் ஒலிபரப்பு நேயருக்குப் பிரயோஜனமுள்ளதா என்றால், உண்டு என்றே விடை சொல்வேன். ஆனால் அந்தப் பிரயோஜனம் இன்னும் நிலையத்தின் வாசலைத் தாண்டவில்லை. ரீங்காரமில்லாத சங்கீதத்துக்காக ஒரு நகரவாசி பத்தாயிரம் ரூபாய் கொடுத்துப் பெட்டி வாங்கவேண்டும் என்று நான் சொல்லத் துணியேன். அவருக்குப் பண்பலையும் இணையமும் இருக்கின்றன. பழைய மத்திய அலையைச் செலவுக் கணக்குக் காட்டி நிறுத்திவிட்டு, மிச்சப்பட்ட மின்சாரத்தை இலாபமாக எழுதிக்கொள்வதையும் ஒப்புக்கொள்ள முடியாது; ஏனெனில் நிலையம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாக நேயரின் தலையில் புதிய பெட்டியின் விலை விழுகிறது. இரண்டு ஒலிகளும் அருகருகே செல்லும் இப்போதைய ஏற்பாடு பல ஆண்டுகள் நீடிக்கவேண்டும். அந்த அவகாசத்தில், சில்லின் விலை குறையும்வரை சந்தையை நோக்கிக் கைகட்டி நிற்காமல், மீன்பிடித் துறைமுகங்களிலும் படகுச் சங்கங்களிலும் மலைக்கிராமப் பள்ளிக்கூடங்களிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் பொதுப் பணத்தில் டிஜிட்டல் பெட்டிகளை வைக்கவேண்டும். ஆயிரம் பெட்டிகளுக்கு நிச்சயமான உத்தரவு கொடுக்கும் அரசாங்கத்துக்கு உற்பத்தியாளர் ஒரு விலை சொல்வார். பத்தாயிரத்துக்கு வேறொரு விலை சொல்வார். சூரிய ஒளியால் மின்னேற்றிக்கொள்ளும் தகடும், உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் உறையும், தமிழ் எழுத்தைக் காட்டும் திரையும் அந்தப் பெட்டிக்கு இருக்கவேண்டும். முதல் பெட்டிகள் குமரிக் கடற்கரைக்கும் இராமநாதபுரக் கடற்கரைக்கும் போகட்டும்; அடுத்த வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முன்பே அவை போய்ச் சேருவதற்கு யந்திர சாஸ்திரத்தில் தடை ஒன்றும் இல்லை.